சிற்றாற்றுச் சுவரில் ஒரு கை

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கிய காலையில் மழை பெய்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடையை விரித்தால் அதன் மேல் சத்தமே இல்லை. மடக்கினால் மூக்குக்கண்ணாடி நனைந்துவிடுகிறது. "இதுதான் சாரல், டீச்சர். ஈப்போ மழை மாதிரி அடிக்காது. சும்மா தடவிக்கிட்டே இருக்கும்," என்றார் மீரான், என் பெட்டியை வாங்கிக்கொண்டே.

மீரான் பத்து வருடம் மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டவர். நான் தமிழ்ப்பள்ளியில் ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் என் காலைப் பசியாறல் பெரும்பாலும் அவர் கையால்தான். ஓய்வு பெற்ற பிறகு நானும் சில தோழிகளும் கிந்தா ஆற்றங்கரைச் சுவரில் படம் வரையத் தொடங்கினோம். அப்போது தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஊர் திரும்பி இப்போது தென்காசியில் சிற்றாற்றங்கரைத் தெரு ஒன்றில் சொந்தமாக டீக்கடை வைத்திருக்கிறார்.

அவர்தான் போன் செய்து என்னை வரச் சொன்னார். தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஆற்றோரக் குப்பையை அள்ளிவிட்டார்களாம். மறுபடி யாரும் கொட்டாமல் இருக்கச் சுவர் முழுக்கப் படம் வரையப்போகிறார்களாம். எந்தப் பெயிண்ட், எப்படிப் பூசுவது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். "நீங்க வரைய வேண்டாம் டீச்சர். பக்கத்துல இருந்தாப் போதும்," என்றார். அதை நான் உபசார வார்த்தையாக எடுத்துக்கொண்டேன். வயதான ஒருத்திக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று.

ஸ்கூட்டரில் என் பெட்டியைக் காலிடுக்கில் வைத்து ஓட்டி வந்தவர், கோபுரத்தைத் தாண்டியதும் ஒரு பள்ளத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டார். வண்டி நின்றுபோனது. அவர் தள்ள, நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பூக்கடையில் இருந்த பெண் பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஏட்டி, அங்கன பாரேன். மீரான் வெளிநாட்டு ஆளக் கூட்டியாந்து சுமை தூக்க வைக்காரு." வந்த முதல் அரை மணி நேரத்திலேயே என்னை இப்படிச் சிரிக்க வைத்ததில் ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

சுவர் தெருவின் பின்பக்கம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் வந்த வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய ஆளுயரச் சுவர். அதை ஒட்டி ஒரு நடைபாதை, அப்புறம் படிகள், அப்புறம் ஆறு. எங்கள் கிந்தா ஆறு அகலமானது, இரண்டு கரையிலும் சிமெண்டு போட்டு அடக்கியது. இது அதில் பாதி அகலம்கூட இல்லை. ஆனால் குற்றாலத்து அருவித் தண்ணீர் ஓடிவருவதால் பேசிக்கொண்டே போகிற ஆறு. "சாரல் சமயத்தில் போய் யாராவது வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்களா?" என்று மீரானிடம் கேட்டேன். "ஆத்துல தண்ணி இருக்கும்போதுதான் டீச்சர் எங்க ஆளுகளுக்கு ஆறுன்னு ஒண்ணு இருக்கதே ஞாவகம் வரும்," என்றார். நெல் மூடுகிற தார்ப்பாய்களைக் கம்பு நட்டுக் கட்டிச் சுவருக்குக் கூரை போட்டிருந்தார்கள்.

சீட்டுக் குலுக்கி வீட்டுக்கு ஆறடி என்று பிரித்திருந்தார்கள். அவரவர் ஆறடியில் ஆற்றைப் பற்றி அவரவர் நினைப்பதை வரையலாம். கட்டுப்பாடு ஒன்றுதான்: அடுத்தவர் ஆறடிக்குள் போகக் கூடாது. எங்கள் ஊரில் நாங்கள் ஒரே ஒரு படத்தை முதலில் தாளில் வரைந்து, கட்டம் போட்டு, பிறகுதான் சுவருக்குக் கொண்டுபோவோம். இது என்ன கலவரமாக முடியுமோ என்று எனக்கு உள்ளூரக் கவலை. முதல் நாள் முழுவதும் சுவரைச் சுரண்டிப் பாசி எடுத்து, வெள்ளை அடிக்க வைத்தேன். அது காயவேண்டும்.

காய்வதற்குள் மறுநாள் மீரானின் மனைவி பாத்திமா என்னைக் குற்றாலம் கூட்டிப்போனாள். மூன்று பேர் உட்காருகிற ஆட்டோவில் எட்டுப் பேர் இருந்தோம். மேலகரம் பக்கம் டயர் உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். யாருக்கும் கோபம் இல்லை. ஓர் அம்மா பையிலிருந்து முறுக்கை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஈப்போவில் பேருந்து ஐந்து நிமிடம் தாமதித்தால் நாங்கள் ஆளாளுக்குப் போனை எடுத்துப் புகார் எழுதுவோம்.

அருவியில் பெண்கள் பக்கம் வரிசை. தலையைக் கொடுத்ததும் நூறு பேர் சேர்ந்து முதுகில் தட்டுவது போலிருந்தது. மூச்சுத் திணறி வெளியே வந்தால் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளினாள். "வந்தது வந்தாச்சு, நல்லா நில்லுங்கம்மா!"

வெளியே கடைகளில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவித்திருந்தார்கள். எங்கள் ஊரில் வாசலில் உதிர்ந்து கிடந்து மிதிபடுகிற பழங்களை இங்கே தட்டில் அடுக்கி அபூர்வப் பண்டமாக விற்கிறார்கள். கடைக்காரரிடம் ரம்புத்தானை எப்படிப் பொறுக்க வேண்டும் என்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாத்திமா அருவியைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தத் தண்ணி செவந்துட்டா நிக்கப்படாது டீச்சர், ஓடிரணும். இங்கன செவந்தா கொஞ்ச நேரத்துல வெள்ளம் நம்ம தெருவுக்கு வந்துரும். அப்படித்தான் அன்னைக்கு நம்ம செண்பகத்துக்கு..." நான் பழத்தைப் பிளந்து அவள் வாயருகே நீட்டினேன். "முதலில் இதைச் சாப்பிடு." அவள் சாப்பிட்டாள். பேச்சு பழத்தின் பக்கம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மீரான் எங்களைப் பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப்போனார். கேரளத்து லாரிகளும் குடும்பத்தோடு வந்த கார்களும் ரோட்டை அடைத்து நின்றன. நாட்டுக்கோழிச் சாறு ஊற்றி ஊறிய பரோட்டாவைத் தின்றுகொண்டே மீரான் ரொட்டிக்காரரின் கையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "மாவ நல்லா வீசுதான்," என்றார். கடைசியில் எழுந்து போய் அவரிடமே சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் சுவர் காய்ந்திருந்தது. காலையிலேயே தெரு முழுக்க ஆற்றோரம் வந்துவிட்டது.

பாத்திமா கடையநல்லூரில் தறி வீட்டில் பிறந்தவள். கைலிக் கட்டத்தையே ஆறடிக்கும் போட்டு, அதன் நடுவில் நீலக் கோடு ஒன்றை வளைத்து வளைத்து ஓடவிட்டாள். அதுதான் ஆறாம். அவளுக்கு அடுத்து பேச்சிமுத்து அண்ணாச்சி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றில் இறக்கிக் கழுவுகிற பஸ் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். ஜன்னல்கள் கதவு அளவுக்கு இருந்தன.

"அண்ணாச்சி, ஜன்னல் இவ்வளவு பெரிதாக இருக்காதே?"

"முப்பது வருசம் ஓட்டுனவன் நான். நீங்க ஓட்டுனியளா?"

நான் விலகிக்கொண்டேன். அவரிடம் விலகத் தெரிந்த எனக்கு அடுத்த ஆறடியில் தெரியாமல் போய்விட்டது.

அடுத்தது செண்பகம். நாற்பது வயது இருக்கும். பீடி சுற்றுகிறவள். யாரிடமும் பேசாமல் தன் ஆறடி முழுவதையும் மண் நிறத்தால் நிரப்பினாள். பிறகு கறுப்பைக் கேட்டாள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே வரையத் தொடங்கினாள். சாயங்காலம் முடித்தபோது, அந்த மண் நிறத்துக்குள் ஒரு மனிதன் இருந்தான். சின்ன உடம்பு. முகம் இல்லை. தலைக்கு மேல் தூக்கிய ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக, ஐந்து விரலும் விரிந்து, சுவரின் மேல் விளிம்பு வரை போயிருந்தது.

"யார் இது, செண்பகம்? குளிக்கிற ஆளா?" என்று கேட்டேன்.

"ஆத்துல நிக்குத ஆளு டீச்சர்," என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகம் இளகியிருந்ததைக் கண்டேன்.

இப்போது எழுதும்போது, அதை எப்படி நான் பார்க்காமல் விட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளின் படங்களில் கையின் நீளத்தையும் தலையின் அளவையும் சரிபார்த்துப் பழகிய கண் அளவை மட்டும்தான் பார்த்தது. அந்த நேரம் பாதையில் பைக்கில் போன இரண்டு பேர் வண்டியை மெதுவாக்கினார்கள். ஒருவன் சொன்னான்: "ஏலே, இங்கன பாரு, பேய் படம்." இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். செண்பகம் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் நகராட்சித் தலைவர் பார்க்க வருகிறார், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடிந்ததும் மீரான் கடை திறக்கப் போன பின் நான் டப்பாக்களை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போனேன். சாரல் விட்டிருந்தது. மலை தெளிவாகத் தெரிந்தது. கையைச் சுருக்கி உடம்புக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவந்தேன். தோளைச் சரிசெய்தேன். மண் நிறத்தில் கொஞ்சம் நீலமும் வெள்ளையும் கலந்து அலை போட்டேன். முகம் வரைந்தேன். மீசை வைத்து, சிரிக்க வைத்தேன். அந்த ஒரு மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

செண்பகம் எட்டு மணிக்கு வந்தாள். பீடி இலையும் தூளும் வைத்த சுளகு இடுப்பில் இருந்தது. தன் ஆறடியின் முன்னால் வந்ததும் நின்றாள். பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று பார்க்கிறவள் போல. பிறகு மறுபடி இதைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு டீச்சர்," என்றாள். "யாரு இது?"

நான் சிரித்தேன். "உன் ஆள்தான். கொஞ்சம் சரிபண்ணிவிட்டேன்."

அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு மீசை வைக்க மாட்டாரு," என்றாள். சுளகை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

ஒன்றும் புரியாமல் நின்றேன். டீ கிளாஸோடு வந்த பேச்சிமுத்து அண்ணாச்சி சுவரைப் பார்த்ததும் கிளாஸைப் படியில் வைத்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டிய டீச்சர்."

அவர்தான் சொன்னார். வெள்ளம் வந்த அன்று செண்பகத்தின் புருஷன் கரையில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கப் போயிருக்கிறார். ஆடு கரையேறிவிட்டது. அவர் ஏறவில்லை. "கொஞ்ச தூரத்துக்குத் தலை தெரிஞ்சுது. பொறகு கை மட்டும். இந்தா, இந்த எடத்துக்கு நேரா. அவ பாத்துக்கிட்டே நின்னா. நாங்க தெருவே பாத்துக்கிட்டு நின்னோம். கயிறு வீசுனோம், எட்டல."

நான் சுவரைப் பார்த்தேன். மீசை வைத்த ஒரு மனிதன் நீல அலையில் நின்றுகொண்டு எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு யாரும் சொல்லவில்லையே," என்றேன். சொன்னபோதே கையில் ரம்புத்தானோடு நான் நின்றது நினைவுக்கு வந்துவிட்டது.

மீரானைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அவள் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைச் சுற்றுவது எல்லாம் விரல் நுனியில் ஒரே ஓட்டமாக நடந்தது. நான் வந்ததால் அது நிற்கவில்லை. "உக்காருங்க டீச்சர்," என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். நீளமாகக் கேட்டேன். நான் முடித்த பிறகுதான் அவள் பேசினாள்.

"எனக்குப் படம்லாம் வராது டீச்சர். பள்ளிக்கூடத்துல ஒரு பூகூட ஒழுங்கா வரஞ்சதில்ல. நேத்து கை தானா போச்சு. கண்ணுக்குள்ளயே நின்னுக்கிட்டு இருந்தது போய்ச் சுவத்துல நின்னுச்சு. நேத்துதான் நான் ஒறங்குனேன்."

மீரான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேற்று நீ வரைந்து முடித்ததும் எடுத்த படம் என் போனில் இருக்கிறது," என்றேன். "அதைப் பார்த்து அப்படியே, கொஞ்சமும் மாற்றாமல், திரும்ப வரைந்துவிடுகிறேன். நீ பக்கத்தில் நின்று சொல்."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க வரஞ்சா அது ஒங்க கைதானே டீச்சர்."

"அப்படியென்றால் நீயே வரை. நான் சுவரைத் தயார் பண்ணித் தருகிறேன்."

"கேட்டா வருமா அது?" என்றாள். பிறகு, "வெள்ளையடிச்சிருங்க. அந்த ஆளு அங்கன நிக்க வேண்டாம். நான் தண்ணிக்கு அந்த வழியாத்தான் போணும்."

வெள்ளையடித்தேன். மீரான் உதவ வந்தார், வேண்டாம் என்றேன். முதல் பூச்சில் மீசை மறையவில்லை. இரண்டாம் பூச்சில் சிரிப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவது முறையும் அடித்தேன். அடியில் எங்கேயோ அவளுடைய விரல் தடங்களும் இருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் மூடிக்கொண்டிருந்தேன்.

நகராட்சித் தலைவர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கைலிக் கட்டத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டார். பஸ்ஸைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "எந்த ரூட்டு அண்ணாச்சி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆறடிக்கு வந்ததும், "இது மட்டும் ஏன் வெறுமனே கெடக்கு?" என்றார்.

தெருக்காரர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

"இங்கே ஒரு நல்ல படம் இருந்தது," என்றேன். "நான் அழித்துவிட்டேன்."

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். பேச்சிமுத்து அண்ணாச்சி மட்டும் என் பக்கத்திலேயே நின்றார். கூட்டம் போன பிறகு, "வாங்க, டீ குடிப்போம்," என்றார்.

அன்று சாயங்காலமே ரயில். மீரான் வீசி அடித்த பரோட்டாவை வாழையிலையில் பொட்டலம் கட்டி வந்து ரயில் பெட்டிக்குள் ஏறித் தந்தார். பாத்திமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னைக்கே சொல்லி முடிச்சிருக்கணும்," என்று அழுதாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை. செண்பகம் வரவில்லை. வருவாள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

ஈப்போ திரும்பியதும் தோழிகள் கிந்தா ஆற்றங்கரையில் புதுச் சுவர் ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். எதிரே இருக்கிற அடுக்குவீட்டுக்காரர்கள் வரையட்டும், நான் பெயிண்ட் கலக்கித் தருகிறேன் என்று சொன்னேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மீரானிடம் பேசினேன். சுவர் நன்றாக இருக்கிறதாம். குப்பை கொட்ட யாரும் வருவதில்லையாம். பஸ்ஸின் சக்கரம் கொஞ்சம் உரிந்துவிட்டதால் அண்ணாச்சி தினமும் போய்ப் பார்த்துக் கவலைப்படுகிறாராம். நான் கேட்கத் தயங்கியதை அவரே சொன்னார்.

"செண்பகத்தோட ஆறடி அப்படியேதான் கெடக்கு டீச்சர். சின்னப் புள்ளைக நாங்க வரையுதோம்னு கேட்டுச்சுக. தெருவுல யாரும் சம்மதிக்கல. அது அவளுக்கு உள்ள எடம்னுட்டாங்க. போன வாரம் தண்ணிக்குப் போனவ அதுக்கு முன்னால கொஞ்சம் நின்னா. நான் படியில நின்னு பாத்தேன். பொறகு குடத்தத் தூக்கிட்டுப் போயிட்டா."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கறுப்பும் மண் கலரும் மிச்சம் இருக்கு. கடையிலதான் வச்சிருக்கேன்," என்றார். "நான் வேணா ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டா, டீச்சர்?"

"வேண்டாம்," என்றேன்.

அந்தச் சுவர் விஷயத்தில் நான் சொன்ன சரியான வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.